சானல் கரைக் கஞ்சிக்கடை: ஒரு வருஷம் குடித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நாகர்கோவில் பார்வதிபுரத்துப் பக்கம், அனந்தனாறு சானல் கரையில், நாலு தென்னைக்குக் கீழே தகரக் கூரை போட்ட இடம். ஆட்டோக்காரர்களிடம் 'சானல் கரைக் கஞ்சிக்கடை' என்றால் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நடத்துவது ஒரு அக்காவும் அவருடைய வீட்டுக்காரரும், அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அக்காவுக்கு அறுபது தாண்டியிருக்கும், வருகிற எல்லோரும் அவருக்கு 'மக்களே'தான், எழுபது வயதுப் பெரியவரானாலும் சரி, யூனிபார்ம் போட்ட பள்ளிக்கூடப் பையனானாலும் சரி.

ஒரு வருஷத்துக்கு மேலாக வாரத்தில் ஐந்து நாளாவது அங்கேதான் காலைக் கஞ்சி. ருசியை மட்டும் எழுதுவதென்றால் நாலு வரியில் முடித்துவிடலாம், ஆனால் நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையையும் சொன்னால்தான் ஒரு தகரக் கொட்டகைக்கு ஏன் இவ்வளவு பெரிய விமர்சனம் என்று புரியும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வருஷம் ஆனி மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிவு. வளைகுடாவில் பார்த்த வேலை போய் நான் ஊர் திரும்பி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை, கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது, தங்கை பெங்களூரில், அப்பா இல்லை. ஆபரேஷன், உள்ளே கம்பி, 19 நாள் ஆஸ்பத்திரி. கூட இருக்கிறவனுக்கு அங்கே கட்டில் கிடையாது, பெஞ்சுக்கும் தரைக்கும் நடுவில் எங்கேயோ தூங்கிக்கொள்ள வேண்டும். காலையில் ரசவடை, மத்தியானம் கிடைத்தால் சோறு, ராத்திரி பரோட்டா, இடையில் எட்டு டீ. தூக்கம் வராத நேரமெல்லாம் போன். பதினைந்தாம் நாள் அம்மாவுக்குப் பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் என்னைப் பார்த்து, "அண்ணே, உங்க முகமே சரியில்லை, கையைக் காட்டுங்க" என்று எனக்கும் பட்டையைச் சுற்றினார். 160-க்கு 100. ஒரு நோயாளி கட்டிலில், இன்னொரு நோயாளி ஸ்டூலில்.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார், தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொன்னார். மாத்திரை சுலபம். மற்ற இரண்டும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் போனது. அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் நான் செய்த முதல் காரியம், ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் விளம்பரம் பார்த்து 1,850 ரூபாய்க்கு ஒரு மூலிகைச் சத்துப் பொடி வாங்கியது. மன அழுத்தம் போகும், தூக்கம் வரும், எதிர்ப்புச் சக்தி கூடும் என்று போட்டிருந்தான். டப்பா வந்தபிறகுதான் பின்பக்கம் படித்தேன். லேபிளில் சேர்மானங்களை எடை அதிகமானதில் இருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி, அதன்படி முதலில் இருந்தது சர்க்கரை. இருபத்தொரு மூலிகையும் கடைசி வரியில் நெருக்கியடித்து நின்றன. பெயரைச் சொல்லி யாருடைய வியாபாரத்தையும் கெடுக்க விரும்பவில்லை, அந்த டப்பாவில் இப்போது உளுந்து போட்டு வைத்திருக்கிறேன்.

அந்த நாட்களில் பெரியப்பா மகனின் மனைவி, எனக்கு மயினி, காலையில் ஆறரை முதல் எட்டு வரை அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்திவிட வருவார். எனக்கென்று இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான். வீட்டில் இருந்தால் மயினிக்கு இடைஞ்சல் என்று சானல் கரையில் சும்மா நடந்தேன், மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரைக்கு ஒதுங்கினேன். கஞ்சி குடிக்க வேண்டும் என்று நினைத்துப் போகவே இல்லை. ஒதுங்கியவனிடம் அக்கா, "நின்னுட்டே இருந்தா மழை விட்டுருமா மக்களே, இரியும்" என்று ஒரு கிண்ணத்தை முன்னால் வைத்தார்.

சரி, கஞ்சிக்கு வருகிறேன். சிவப்புச் சம்பா அரிசி, நன்றாகக் குழையாமல், பருக்கை தெரிகிற பதம். அதோடு வேகவைத்த சிறுபயறு, தேங்காய்ச் சம்மந்தி (துவையல்), ஒரு துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்), சுட்ட பப்படம், ஊறுகாய். இதுதான் 45 ரூபாய் செட். கஞ்சி இரண்டாம் தடவை கேட்டால் கணக்கில் வராது, பயறு இரண்டாம் தடவைக்கு 10 ரூபாய். ஈர்க்கில் குத்தி மடக்கிய பலா இலைக் கரண்டி வேண்டும் என்றால் உண்டு, ஸ்டீல் கரண்டியும் உண்டு. இலைக் கரண்டியில் சூடு நாக்கைச் சுடாது, ஒவ்வொரு வாயும் சின்னதாகத்தான் வரும், அவசரப்பட்டால் சட்டையில் ஊற்றும். மெதுவாகச் சாப்பிடு என்று யாரும் புத்தி சொல்லத் தேவையில்லை.

துவரன் நாளுக்கு ஒன்றாக மாறும். முருங்கைக்கீரை, வாழைக்கூம்பு (வாழைப்பூ), பப்பாளிக்காய், சீசனில் சக்கைக்காய் (பலாக்காய்), சில நாள் சக்கைக்குருவும் (பலாக்கொட்டை) சேர்ந்து. என் ஓட்டு வாழைக்கூம்புக்கு. பயறை அவர்கள் குழைய விடுவதில்லை, மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விடுவார்கள், அந்த மணம் ரோடு வரை வரும். உலர்ந்த சிறுபயறு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு, அரிசியில் குறைகிற அமினோ அமிலத்தைப் பயறும் பயறில் குறைவதை அரிசியும் ஈடுகட்டும். அக்காவிடம் இதைச் சொன்னேன். "அது தெரியாமலா எங்க அம்மை ரெண்டையும் ஒரே கிண்ணத்துல ஊத்தினா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

1956 நவம்பர் 1 வரை இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால் நம் அடுக்களையில் பாதி மலையாளம் பேசும். வெளியூர்க்காரர்கள் சிலர் இதைக் 'கேரளக் கஞ்சி' என்று எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும், எங்கள் பாட்டிகளும் இதைத்தான் ஊற்றினார்கள்.

இந்தக் கடையில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் அக்கா கேட்கிற முதல் கேள்வி: "சுகர் உண்டா, பிரஷர் உண்டா?" சுகர் என்றால் சோற்றைக் குறைத்துப் பயறை இரண்டு அகப்பை கூட்டுவார். பிரஷர் என்றால் பப்படமும் ஊறுகாயும் வராது, கேட்டாலும் வராது. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பப்படம், ஊறுகாய், கருவாடு மூன்றும் சேர்ந்தால் காலையிலேயே அதில் பெரிய பங்கு காலி. டாக்டர் சொன்னபோது காதில் ஏறாதது இங்கே எப்படி ஏறியது என்றால், இங்கே அது அறிவுரையாக வரவில்லை, கிண்ணத்தில் இல்லாமல் போனது, அவ்வளவுதான். ஒரு வருஷமாகப் பக்கத்து ஆள் பப்படம் நொறுக்குகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் சுக்கு காப்பி. 12 ரூபாய். சுக்கு, கொத்தமல்லி, நல்லமிளகு, துளசி, கருப்பட்டி. பெயரில்தான் காப்பி, காப்பித்தூள் போடுவதில்லை. டீயும் கிடையாது, கேட்டால் "எதிர்த்தாப்புல கடை இருக்கு" என்பார் அண்ணாச்சி, கொஞ்சம்கூட வருத்தமில்லாமல். இதனால் எனக்கு ஒரு பெரிய நன்மை. டீயில் இருக்கிற காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். சாயங்காலம் ஆறு, ஏழு, எட்டு என்று டீ குடித்துவிட்டு நடுராத்திரியில் தூக்கம் வரவில்லை என்று மூலிகைப் பொடி தேடியவன் நான்! சாயங்காலத்து டீயை விட்டு, நாலரைக்கு இங்கே ஒரு சுக்கு காப்பியும் அவித்த ஏத்தம்பழமும் (நேந்திரம்பழம்) என்று மாற்றினேன். ஏத்தம்பழம் 20 ரூபாய், நல்ல பழுத்ததாக இருக்கும். மூன்றாவது வாரத்தில் இருந்து பதினோரு மணிக்குக் கண் சொருக ஆரம்பித்தது. போனை அடுக்களையில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பதும் அப்போது தொடங்கியதுதான், அதற்கும் கடைக்கும் சம்பந்தமில்லை, அது தங்கை திட்டியதால்.

சுக்கு காப்பி விஷயத்தில் எனக்கும் அண்ணாச்சிக்கும் ஒரு வழக்கு உண்டு. சுவரில் அவர் கைப்பட எழுதி ஒட்டியிருக்கிறார்: 'கருப்பட்டி, சுகர் உள்ளவர்களும் குடிக்கலாம்.' இது சரியில்லை. கருப்பட்டியிலும் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். நான் மூன்று தடவை சொல்லிவிட்டேன். "எங்க அப்பா அக்கானி குடிச்சே தொண்ணூறு வயசு இருந்தாரு" என்பது அவர் பதில் (அக்கானி என்றால் பதநீர்). பேப்பர் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. ஆனால் சுகர்காரர்களுக்கு அக்கா இப்போது கருப்பட்டி போடாமல் தனியாக ஊற்றிக் கொடுக்கிறார், அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். இதற்காக அரை நட்சத்திரம் குறைக்கிறேன்.

இன்னும் அரை நட்சத்திரம் அந்த மூலை அலமாரிக்கு. பழைய பாட்டில்களில் வலி எண்ணெய், கஷாயப் பொடி என்று ஏதோ வைத்து விற்கிறார்கள், யாரோ சொந்தக்காரர் காய்ச்சுவதாம். லேபிள் இல்லை, தேதி இல்லை, என்ன சேர்த்தது என்று இல்லை. சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண்ணும் சேர்மானமும் தேதியும் லேபிளில் இருக்க வேண்டும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு குடித்தோமே கபசுரக் குடிநீர், அதில் 15 சரக்கு. நிலவேம்புக் குடிநீரில் 9. எண்ணிச் சொல்ல முடிகிறது, ஏனென்றால் அவற்றுக்கு எழுதி வைத்த முறை உண்டு. இந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அக்காவுக்கே தெரியாது. அம்மா காலுக்கு ஒன்று கொண்டுபோகச் சொன்னார், நான் வாங்கவில்லை. அதே சமயத்தில் ஒரு உறவுக்காரர், எலும்பு, சுளுக்குக்கு வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானைக் கூட்டி வருகிறேன் என்று நின்றார். நம் மாவட்டத்து ஆசான்மார் மேல் எனக்கு மரியாதை உண்டு, சின்ன வயதில் பிசகிய என் மணிக்கட்டைச் சரி செய்தது ஓர் ஆசான்தான். ஆனாலும் கம்பி வைத்த எலும்பை, அது கூடுவதற்கு முன் பிடிக்கவும் இழுக்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதில் நான் யாருடைய பேச்சையும் கேட்கவில்லை, உறவுக்காரர் இரண்டு மாதம் பேசவில்லை.

எண்ணெய் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பதை மறுபடியும் ஆரம்பித்திருக்கிறேன். அதனால் என்ன நோய் தீரும் என்று கேட்டால் தெரியாது, ஒரு மணி நேரம் போனைத் தொட முடியாது, கையெல்லாம் எண்ணெய். அதுவே போதும்.

வீட்டிலிருந்து கடைக்கு சானல் கரை வழியே இருபது நிமிஷ நடை, திரும்ப இருபது. ஐந்து நாளைக்கு 200 நிமிஷம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிற கணக்கில் நான் கஞ்சிக்கு ஆசைப்பட்டே பாஸ் ஆகிவிட்டேன். ஜிம்முக்குப் பணம் கட்டியிருந்தால் நாலாம் நாள் நின்றிருப்பேன் என்பது எனக்கும் தெரியும், என் தங்கைக்கும் தெரியும். இப்போது பிரஷர் 132-க்கு 84. கஞ்சி குடித்துப் பிரஷர் இறங்கியது என்று இதை யாரும் வாட்ஸப்பில் சுற்றவிட வேண்டாம். மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தவில்லை.

பெஞ்சைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த விமர்சனம் முழுமை ஆகாது. ஒரே ஒரு நீள பெஞ்சு, எட்டு பேர் உட்காரலாம், முட்டி இடிக்கும். டிவி இல்லை. இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பேசாமல் இருக்க முடியாது. ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார், ராத்திரி டூட்டி முடித்து வரும் ஒரு நர்ஸ் பெண், இரண்டு ஆட்டோக்காரர்கள், ராஜாக்கமங்கலம் துறையில் இருந்து மீன் கொண்டு வரும் ஒரு அம்மா, இவர்கள்தான் நிரந்தர உறுப்பினர்கள். மீன்கார அம்மாவின் கொழுந்தன் 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று கடலில் இருந்தவர், திரும்பவில்லை. ஊரே கரண்ட் இல்லாமல் இருட்டில் கிடந்த அந்த நாட்களில் வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லையாம், அடுத்த வீட்டுக்காரி காலையும் மாலையும் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர்கள் குடிக்கிற வரை போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பாளாம். "ஒண்ணும் பேச மாட்டா. குடிச்சாத்தான் எந்திரிப்பா" என்றார். அன்றைக்கு நான் அவரிடம் கேட்டது சாளை மீன் என்ன விலை என்று மட்டும்தான், எப்படி இது வந்தது என்று தெரியவில்லை.

அம்மா விழுந்து, வேலையும் போய், ராத்திரி முழுக்கத் தலைக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், காலை ஏழு மணிக்கு நான் வருவேன் என்று யாரோ ஒருவர் கிண்ணம் எடுத்து வைத்திருந்தார் என்பதுதான் எனக்குக் கிடைத்த வைத்தியம். ஐப்பசி மழையில் காய்ச்சலாகி இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் காலை ஆட்டோக்காரர் ஒருவர் தூக்குவாளியோடு வாசலில் நிற்கிறார். உள்ளே கஞ்சி, மூடி மேல் சின்னக் கிண்ணத்தில் பயறு. "அக்கா தந்து விட்டுது. ஆட்டோ வாடகை வேண்டாம், வாளியை மட்டும் கழுவிக் கொடுத்துரு." பப்படம் இல்லை, காய்ச்சலிலும் நான் அதைத் தேடினேன்.

இப்படி ஒரு பெஞ்சு எல்லோருக்கும் வாய்க்காது என்பதால் இதையும் எழுதி வைக்கிறேன், நர்ஸ் பெண் சொன்னது: மனசு ரொம்ப அடைக்கிறது, தூக்கமே இல்லை, வேண்டாத எண்ணம் வருகிறது என்றால் 14416-க்குப் போன் செய்யலாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, காசில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நான் ஒரு தடவை பேசியிருக்கிறேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆடியில் மருந்துக் கஞ்சி போடுவார்கள், 70 ரூபாய், முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். ஞவரை அரிசி, வெந்தயம், சீரகம், சுக்கு, நல்லமிளகு, தேங்காய்ப்பால், கடைசியில் கருப்பட்டி. மழைக்கு இதமாக இருக்கும், கனமாகவும் இருக்கும், மத்தியானம் வரை பசிக்காது. ஏழு நாள் குடித்தால் ஒரு வருஷத்து நோய் அண்டாது என்கிறார் அண்ணாச்சி. நான் ஏழு நாளும் குடித்தேன், எட்டாம் நாள் ஜலதோஷம். ஆனாலும் அடுத்த ஆடியிலும் குடிப்பேன்.

குறைகள் நிறைய உண்டு. காற்றோடு மழை வந்தால் பெஞ்சின் கிழக்கு ஓரம் நனையும். சானல் பக்கம் என்பதால் சாயங்காலம் கொசு பிய்த்தெடுக்கும், ஆறு மணிக்கு மேல் குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள். கழிப்பறை கிடையாது. ஜிபே உண்டு, ஆனால் அண்ணாச்சிக்கு அதில் நம்பிக்கை இல்லை, பணம் வந்த சத்தம் கேட்கிற வரை உங்களை விடமாட்டார், சில்லறை கொண்டுபோவது நல்லது. கார் நிறுத்த இடமில்லை. குடிக்கத் தருகிற சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்தது, பயப்பட வேண்டாம். ஞாயிறு லீவு.

போன மாதம் அம்மாவை ஆட்டோவில் கூட்டிப் போனேன். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். ஒரு வருஷமாக நான் புகழ்ந்து தள்ளிய கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு, சம்மந்தியில் புளி கூடிவிட்டது, மாங்காய் வைத்து அரைத்தால் என்ன என்று அக்காவிடமே கேட்டுவிட்டார். அக்கா விடவில்லை, மாங்காய் கிடைக்காத மாதத்தில் நீங்களே கொண்டுவந்து தருவீர்களா என்றார். இருபது நிமிஷம் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள், ஆட்டோ வெயிட்டிங் 50 ரூபாய். வீட்டுக்கு வந்து அம்மா கேட்டது: "அடுத்து என்னைக்குப் போறோம்?"

போகிறவர்கள் ஏழுக்கும் எட்டரைக்கும் நடுவில் போங்கள். ஒன்பதுக்குப் பயறு தீர்ந்துவிடும், வெறும் கஞ்சியும் சம்மந்தியும்தான் மிச்சம் இருக்கும். சனிக்கிழமை சாளைப் புளிமுளம் (புளி சேர்த்த மீன் கறி) உண்டு, 30 ரூபாய் கூடுதல், மீன்கார அம்மா கொண்டு வந்தால்தான். கடலில் காற்று அதிகம் என்றால் அன்றைக்கு இல்லை.